உளியைத் திட்டுவதற்கு முன்னால் சாணைக்கல்லைப் பாருங்கள்

மரக் கிண்ணம் கடைய ஆரம்பித்த யாராவது என்னைக் கூப்பிட்டால் பேச்சு ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். மரம் பிய்ந்து பிய்ந்து வருகிறது, லேத்துக்குச் சக்தி போதவில்லை போலிருக்கிறது, இல்லாவிட்டால் எனக்குக் கை வரவில்லை. உளியைக் கடைசியாக எப்போது சாணை பிடித்தீர்கள் என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவாக, "வாங்கும்போதே கூராத்தானே வந்துச்சு" என்பார்கள்.

என்னைக் கேட்டால் கிண்ணக் கடைசலில் பாதிக்கு மேல் சாணைக்கல்லில் முடிந்துவிடுகிறது. சவரக்கத்தி மாதிரி கூராக்க வேண்டும் என்று யாரும் அலைய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அதே வடிவம், அதே கோணம், கொஞ்சமே கொஞ்சம் இரும்பு, ஆனால் அடிக்கடி. இதைச் சொல்லும்போது எனக்கு அம்மாவின் ஞாபகம் வராமல் இருக்காது. மலேசியாவின் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியற்காலையில் காட்டுக்கு இறங்குவதற்கு முன்னால் சீவுகத்தியின் வி வடிவ வாயை உள்ளே இரண்டு இழுப்பு, வெளியே இரண்டு இழுப்பு கல்லில் தேய்த்துக்கொள்வார், அவ்வளவுதான். பட்டையில் கத்தி போக வேண்டிய ஆழத்துக்கும் மரத்தின் உயிர்த்தோலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சுற்றித்தான் விட்டுவைப்பார்கள். கத்தி மழுங்கினால் அழுத்த வேண்டிவரும், அழுத்தினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. அந்தக் கத்தியின் வடிவத்தை அவர் மாற்றி நான் பார்த்ததே இல்லை.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், அதாவது கருவிகள் செய்யும் பட்டறையில், காலம் தள்ளியவன். இரும்பு தெரியும், மரம் பின்னால்தான் வந்தது. அதனால் இங்கே இரும்புப் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த உளி என்பதைப் பேசிவிடலாம். கிண்ணத்துக்கு வேண்டியது பௌல் கௌஜ், அதாவது உருண்டைக் கம்பியில் ஆழமாகப் பள்ளம் வெட்டிச் செய்த குழி உளி. கட்டில் கால், தூண் மாதிரி நீளமான வேலைக்கு இருப்பது ஸ்பிண்டில் கௌஜ், அதன் பள்ளம் மேலாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று, அகலமாகப் பெரிய தகரக் குழாயைப் பாதியாகப் பிளந்த மாதிரி, செட்டாக வாங்கினால் உள்ளே கிடக்கும், ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ். பார்த்தால் பலசாலி போலத் தெரியும், கிண்ணத்தைச் சட்டென்று உருட்டிவிடலாம் என்று கை போகும். தயவுசெய்து அதைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் பிடிக்குள் போகும் பகுதி பெரும்பாலும் ஒல்லியான பட்டை வாலாகத்தான் இருக்கும். கிண்ணக் கட்டை ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை குறுக்கு நாரைக் கொண்டுவந்து மோதும்போது அந்த வால் முறிந்து உளி முகத்தை நோக்கிப் பறக்கும். இந்த ஒரு விஷயத்தில் "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

அளவு சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது, ஆன்லைனில் வாங்குபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் பள்ளத்தின் அளவைச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் கம்பியின் விட்டத்தைச் சொல்வார்கள். ஆக, இங்கிலாந்துக் கடையின் 3/8 அங்குலமும் அமெரிக்கக் கடையின் 1/2 அங்குலமும் ஒரே உளிதான். இரண்டையும் வாங்கிவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து மூஞ்சி சுருங்கியவர்களை எனக்குத் தெரியும். 8 முதல் 12 அங்குலக் கிண்ணம் கடைபவருக்கு இந்த ஒரே ஒரு உளி போதும். இரண்டாவது உளிக்கு வைத்திருக்கும் காசைச் சாணைக்கல்லில் போடுங்கள்.

இப்போது கிடைக்கும் உளி பெரும்பாலும் ஹைஸ்பீட் ஸ்டீல்தான், சுருக்கமாக எச்எஸ்எஸ். டெய்லர், வைட் என்ற இருவர் அமெரிக்காவில் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் இதைத் தயார் செய்து, 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓடவிட்டுக் காட்டினார்கள். உளியின் முனை மங்கலாகச் சிவக்கிற சூட்டிலும் இரும்பை வெட்டிக்கொண்டே போனதைப் பார்த்து வந்தவர்கள் அசந்துபோனார்கள் என்பது டூல் ரூம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சாதாரணமாகக் கிடைக்கும் எம்2 ரகத்தில் டங்ஸ்டன் 6 சதவீதம் சுற்றி, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 என்று கலந்திருக்கும். இது மரக்காரனுக்கு ஏன் தேவை என்றால், பழைய கார்பன் ஸ்டீல் உளி சாணையில் 300 டிகிரியை ஒட்டி நீலம் பாய்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது, அதுவரை தேய்த்து எறிய வேண்டும். எச்எஸ்எஸ் நீலமானால் பயப்பட ஒன்றுமில்லை, 500 டிகிரி தாண்டும்வரை அதன் கடினம் அசையாது. ஆனால் சூடாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டப்பாவில் சுர்ரென்று முக்குகிறார்களே, அது வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அப்புறம் கூர் நிற்காமல் பொடிப்பொடியாக உதிரும். கை சுட்டால் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். கை சுடும் அளவுக்குப் போகிறதென்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

சாணை இயந்திரம் வாங்கும்போது வெளிநாட்டுக்காரர் சொல்லும் வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் அங்கே மெதுவான கிரைண்டர் என்றால் நிமிஷத்துக்கு 1,725 சுற்று. நமக்கு 50 ஹெர்ட்ஸ், அதே ரக மோட்டார் இங்கே 1,450 வாக்கில் சுற்றும். ஹார்ட்வேர் கடையில் சாதாரணமாக வைத்திருப்பது 2,900 சுற்றி ஓடும் வேகமானது. அதிலும் தீட்டலாம், கை பழகியவருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் புதியவர் கண்மூடித் திறப்பதற்குள் இரும்பு போய்விடும். கடையில் இயந்திரத்தோடு வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். அதன் பிணைப்பு எச்எஸ்எஸ்ஸுக்கு ரொம்பக் கெட்டி, மணிகள் மழுங்கியும் உதிராமல் அங்கேயே உட்கார்ந்து பளபளவென்று கண்ணாடியாகி, வெட்டுவதற்குப் பதில் தேய்த்துச் சூடேற்றும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 மணி (கிரிட்), 8 அங்குலம், இது போதும். மாட்டுவதற்கு முன்னால் கல்லை விரலில் தொங்கவிட்டு ஸ்குருடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், குப்பையில் போடுங்கள். கல்லின் மேல் அச்சடித்திருக்கும் வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் தீட்டாதீர்கள்.

வசதி இருந்தால் சிபிஎன் சக்கரம். இரும்புச் சக்கரத்தின் மேல் க்யூபிக் போரான் நைட்ரைடு மணிகளை ஒட்டியது. 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய பொருள், வைரத்துக்கு அடுத்த கடினம். வைரமே இருக்கிறதே, இது எதற்கு என்றால், வைரம் கார்பன், சூட்டில் இரும்பு அந்தக் கார்பனை இழுத்துக்கொள்ளும், வைரம் சீக்கிரம் தேயும். சிபிஎன்னுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அதில் பிடித்தது கூர்மையைவிட இன்னொன்று. வெள்ளைக் கல் தேயத் தேயச் சிறுத்துக்கொண்டே வரும், நேற்று வைத்த கோணம் மூன்று மாதத்தில் சத்தமில்லாமல் மாறிவிடும். சிபிஎன் சக்கரத்தின் விட்டம் மாறாது, நேற்றைய கோணம்தான் அடுத்த வருஷமும். ஒரு நிபந்தனை, கெட்டிப்படுத்தாத மெதுவான இரும்பு, அலுமினியம், வீட்டு அருவாமனை இதையெல்லாம் அதில் காட்டக் கூடாது, மணிகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே வழுவழுப்பாகிவிடும். வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

கோணம் என்றால் ஆளுக்கொரு கட்சி. நான் மூக்கில், அதாவது உளியின் நடு முனையில், 55 டிகிரி வைக்கிறேன், இரண்டு சிறகுகளையும், அதாவது மூக்குக்கு இரண்டு பக்கத்து விளிம்புகளையும், பின்னால் நன்றாக இழுத்துவிட்ட வடிவம். ஐரிஷ் கிரைண்ட் என்றும் எல்ஸ்வொர்த் கிரைண்ட் என்றும் சொல்வது இந்தக் குடும்பம்தான், அமெரிக்கக் கடைசல்காரர் டேவிட் எல்ஸ்வொர்த் மூக்கை 60 டிகிரியாக வைப்பவர். 40, 45 டிகிரியில் வைத்தால் வெட்டு அருமையாக இருக்கும், ஆனால் ஆழமான கிண்ணத்தின் உள்ளே போகும்போது கைப்பிடி விளிம்பில் இடிக்கும். 55 ஒரு சமரசம். அந்த எண்ணைவிட முக்கியம், ஒரு கோணத்தைப் பிடித்தால் ஒரு வருஷமாவது அதையே வைத்துக்கொண்டிருப்பது. வாரத்துக்கு ஒரு வீடியோ பார்த்து வாரத்துக்கு ஒரு கோணம் மாற்றுபவரின் உளி வருஷத்துக்குள் பாதியாகிவிடுகிறது. உளி குட்டையாவது தீட்டுவதால் இல்லை, வடிவம் மாற்றுவதால்.

அதற்காகத்தான் ஜிக். கையால் தீட்டுவதுதான் கலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும், நான் டூல் ரூம் ஆள், திரும்பத் திரும்ப அதே அளவு வர வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. உளியைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி ஒன்று, அதன் கால் ஊன்றிக்கொள்ள கல்லுக்குக் கீழே நீளும் கை ஒன்று, இவ்வளவுதான் கருவி. இதில் மூன்று அளவுகள் மாறாமல் இருந்தால் கோணம் மாறாது: கவ்வியிலிருந்து உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கவ்வியின் கால் எந்தச் சாய்வில் இருக்கிறது, ஊன்றும் குழி கல்லிலிருந்து எவ்வளவு தூரம். முதலாவதற்கு மேசை ஓரத்தில் ஒரு மரக்கட்டையை அறைந்து வைத்திருக்கிறேன், உளியின் மூக்கை அதில் முட்டவிட்டுக் கவ்வியை இறுக்கினால் 45 மில்லிமீட்டர். அது என் ஜிக்குக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம். மூன்றாவதற்கு ஒரு குச்சி, ஒரு முனை கல்லில், மறுமுனை குழியில், அந்த நீளம் பொருந்தும் இடத்தில் கையைப் பூட்டிவிட வேண்டும். குச்சியின் மேல் மார்க்கரால் எந்த உளிக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று நிச்சயம் மறக்கும்.

தீட்டுவதற்கு முன்னால் உளியின் சரிவு, அதாவது கல்லில் தீட்டும் சாய்வான முகம், முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். இயந்திரத்தை அணைத்த நிலையிலேயே கல்லைக் கையால் அரைச் சுற்று திருப்பி உளியைத் தொட வைத்தால் எங்கே மை போகிறது என்று தெரியும். விளிம்பில் மட்டும் போனால் கோணம் தடித்துவிட்டது, விளிம்புக்கு எதிர் ஓரமான குதியில் மட்டும் போனால் ஒல்லியாகிவிட்டது, முழுதும் கீறல் விழுந்தால் சரி. அப்புறம் ஓடவிட்டு, உளியை ஒரு சிறகிலிருந்து மூக்கு வழியாக மறு சிறகுவரை ஒரே அசைவாக ஆட்டிவிட வேண்டும். அழுத்தவே வேண்டாம், உளியின் சொந்த எடை போதும். சிறகுகள் நீளம், அங்கே கொஞ்சம் நேரம் எடுக்கும். மூக்கு குட்டி இடம், அங்கே நின்றால் தட்டையாகிவிடும், கடந்து போய்விட வேண்டும்.

எப்போது போதும் என்பதைத் தீப்பொறி சொல்லும். ஆரம்பத்தில் பொறி எல்லாம் உளிக்குக் கீழேயே கொட்டும். விளிம்பு வரைக்கும் கல் வெட்ட ஆரம்பித்ததும் ஒரு சில பொறிகள் விளிம்பைத் தாண்டி மேலே, பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கும். மூக்கில் பார்த்தாயிற்று, இரண்டு சிறகிலும் பார்த்தாயிற்று, நிறுத்துங்கள். அதற்கு மேல் போவதெல்லாம் காசைப் பொறியாக்குவது. மழுங்கிய விளிம்பைக் கண்டுபிடிக்க ஜன்னல் பக்கம் நின்று முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூரான விளிம்பில் வெளிச்சம் உட்கார இடம் இல்லை, ஒன்றும் தெரியாது. விரலால் தடவிப் பார்ப்பது வேண்டாம், கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்தால் வழுக்காமல் நின்றால் சரி. தீட்டி முடித்தபின் பள்ளத்தின் உள் ஓரத்தில் மெல்லிய பிசிர் ஒன்று நிற்கும். கிண்ணத்தைச் சும்மா உருட்டும் வேலைக்கு அதை நான் கண்டுகொள்வதில்லை. கடைசி வெட்டுக்கு மட்டும் சின்ன உருண்டை வைரக்கல்லால் பள்ளத்துக்குள் ஒரு தடவு.

இன்னொன்று, எல்லா பௌல் கௌஜிலும் நான் செய்வது: சரிவின் பின்பக்கக் குதியைத் தனியாகச் சாய்த்து எடுத்துவிடுவது. கிண்ணத்தின் உள் வளைவில் அந்தக் குதியின் முனை அழுத்தி மரத்தில் மங்கலான வளையங்கள் விழும், அரக்கு பூசிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஒரு தம்பி உளியோடு வந்தார். நல்ல உளி, என்னுடையதைவிட விலை கூடியது. "அண்ணே, இது டூப்ளிகேட்டா இருக்குமோண்ணே, சடக்கு சடக்குனு கடிக்குதுலா" என்றார். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மூக்குக்கும் சிறகுக்கும் நடுவில் லேசாகக் குழி விழுந்திருந்தது, நாய்க்குட்டி முதுகு தாழ்ந்திருப்பது போல. ஜிக்கை ஆட்டும்போது திரும்பும் இடத்தில் எல்லோருக்கும் கை ஒரு நொடி நிற்கும், அங்கே இரும்பு கூடுதலாகப் போய்விடும். அந்தக் குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேடு, மரத்தில் இரண்டு இடமும் ஒரே நேரத்தில் தொட்டால் உளி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குதிக்கும். இதைச் சரி செய்யக் குழியைத் தொடவே கூடாது. மேடுகளை, அதாவது மூக்கையும் சிறகின் பின்பகுதியையும் மட்டும் எடுத்து எடுத்து, குழியோடு சமமாக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் சிறகு நேராகவோ, ஒரு நூல் அளவு வெளியே பிதுங்கியோ இருக்கலாம், உள்ளே வாங்கியிருக்கக் கூடாது. அங்கேயே சரி செய்து ஒரு ஈரமான தூங்குமூஞ்சிக் கட்டையில் போட்டதும் சீவல் நாடா நாடாவாகப் பறந்து அவர் தலையிலேயே விழுந்தது. "டூப்ளிகேட் இல்லண்ணே" என்றார்.

சரி, உளி கூராகிவிட்டது, இனி மரம். உளியை முதலில் டூல் ரெஸ்ட்டில், அதாவது லேத்தில் உளியைத் தாங்கும் பாகத்தில், ஊன்று, அடுத்து சரிவை மரத்தில் உரசவிடு, அதற்கப்புறம்தான் பிடியை மெதுவாகத் தூக்கி வெட்ட விடு. இந்த வரிசை மாறினால் உளி கடிக்கும். சரிவு உரசும்போது சீவல் வராது, வெறும் சர்ரென்ற சத்தம்தான். பிடியை ஒரு நெல் அளவு தூக்கினால் முதல் சுருள் கிளம்பும். கைப்பிடி இடுப்பில் ஒட்டியிருக்கட்டும், கையால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்து நகர்த்துங்கள். வளைவு வளைவாக வர வேண்டும் என்றால் உடம்புதான் வளைய வேண்டும்.

எந்தத் திசையில் வெட்டுவது என்பதில் புதியவர் எல்லோரும் தடுமாறுவார்கள். பலகையாக அறுத்த கட்டையில் கடையும் கிண்ணத்துக்கு, வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்பை நோக்கி, உட்பக்கம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. காரணம், ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். எதிர்த் திசையில் போனால் முட்டு இல்லாத நார் பிய்ந்துகொண்டுதான் வரும், கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் சொரசொரப்பாக நிற்பது அதுதான். எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் அது போகாது, சுற்றி இருக்கும் மெதுவான மரம்தான் தேயும்.

உட்பக்கம் விளிம்பில் நுழையும் அந்த முதல் நொடிதான் ஆபத்து. சரிவு உரச இன்னும் இடமே இல்லை, அதனால் உளி வழுக்கி விளிம்புக்கு வெளியே ஓடப் பார்க்கும். பள்ளத்தைக் கிண்ணத்தின் நடுவைப் பார்த்தபடி, கடிகாரத்தில் 3 மணி நிலையில் மூடி வைத்துக்கொண்டு, இடது கையைத் தடுப்பாக ரெஸ்ட்டில் அழுத்தி, மெதுவாக நுழையுங்கள். ஒரு சின்னப் படி விழுந்ததும் சரிவு அதில் சாய்ந்துகொள்ளும், அப்புறம் பள்ளத்தைக் கொஞ்சம் திறந்து 2 மணிக்குக் கொண்டுவரலாம். 12 மணிக்குத் திறந்துவிட்டால் மேல் சிறகு எந்த ஆதரவும் இல்லாமல் மரத்தைத் தொடும். கிண்ணம் அதைக் கவ்விப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறப்பது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நடுவை நெருங்க நெருங்க மரத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்து மையத்தில் பூஜ்யமாகிவிடும், அதனால் உங்கள் கையும் மெதுவாக வேண்டும். அடியில் வளைவு சட்டென்று திரும்பும் கிண்ணத்தில் 55 டிகிரி உளியின் சரிவு உரசாமல் விட்டுப்போகும். அங்கே 65, 70 டிகிரியில் மொட்டையாகத் தீட்டிய இன்னொரு உளி வேண்டும். இரண்டாவது உளி வாங்க நான் ஒத்துக்கொள்ளும் ஒரே காரணம் இது, அதுவும் குட்டையாகிப்போன பழைய உளி ஒன்று கிடைத்தால் அதையே அப்படி மாற்றிவிடலாம்.

வேகத்துக்குக் கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிஷச் சுற்றையும் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. கோணல்மாணலான பச்சைக் கட்டையை அதைவிடக் குறைவில் ஆரம்பித்து, லேத் நடுங்காத வரை ஏற்றுங்கள். ஸ்விட்ச் போடும்போது கட்டை பறந்தால் எந்தக் கோட்டில் வருமோ அந்தக் கோட்டில் நிற்காதீர்கள். முழு முகக்கவசம் இல்லாமல் என் பட்டறையில் யாரையும் லேத் பக்கம் விடுவதில்லை, கண்ணாடி மட்டும் போதாது.

பினாங்கில் மரத்துக்குப் பஞ்சமில்லை. சாலையோரத்து தூங்குமூஞ்சி, மலாய்க்காரர் ஹுஜான் ஹுஜான் என்றும் புக்குல் லீமா என்றும் சொல்வது, அங்சானா, மா, பலா. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த காற்றிலும் வெள்ளத்திலும் தீவு முழுக்க மரங்கள் சாய்ந்தன, அப்போது எடுத்து வைத்த தூங்குமூஞ்சியில் இன்னும் சில கட்டைகள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் சாலையோர மரம் உளிக்கு எமன். போஸ்டர் அடித்த ஆணி, ஸ்டேப்பிள், கட்டிய கம்பி எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். ரம்பம் போடுவதற்கு முன்னால் கட்டையைச் சுற்றி ஒரு நல்ல காந்தத்தை ஓட்டுங்கள், மரத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பட்டையில் மணல் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், முடிந்தால் பட்டையை உரித்துவிடுங்கள். மணலில் ஒரு நிமிஷம் ஓடிய உளி, சுத்தமான மரத்தில் ஒரு மணி நேரம் ஓடியதைவிட மோசமாக மழுங்கியிருக்கும்.

பலா எனக்குப் பிடித்த மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம்மவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை, சாந்தமாக வெட்டும், மஞ்சள் நிறம் நாளாக நாளாகத் தேன் நிறமாகும். பச்சையில் பால் பிசுபிசுக்கும், உளியில் அப்பினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள், அப்பியபடியே சாணையில் காட்டினால் கல் அடைத்துக்கொள்ளும். பால்மரக் கட்டை மலிவு, வெட்டவும் லேசு, ஆனால் இரண்டு வாரம் சும்மா போட்டால் நீலம் பூத்து, புழுவும் வைத்துவிடும். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, பார்க்க மென்மை, உளியின் கூரை மட்டும் தின்றுகொண்டே இருக்கும், கிண்ணம் ஒன்றுக்குப் பல தடவை சாணைக்குப் போக வேண்டிவரும். ரெங்காஸ் என்று யாராவது சிவப்பாக அழகான கட்டை கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், தூளே சிலருக்குப் போதும்.

பச்சை மரத்தைக் கடைபவர்கள் முதல் தடவை தடிப்பாக விட வேண்டும், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 10 அங்குலத்துக்கு 1 அங்குலச் சுவர். குறுக்கு நார் தெரியும் இடத்தில் மெழுகு பூசி, நிழலில் வைத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. நம் காற்றின் ஈரத்துக்கு மரம் 15 சதவீதம் ஈரத்தை ஒட்டித்தான் நிற்கும், அதற்குக் கீழே தானாக இறங்காது. அந்தக் கிண்ணம் ஏர்கான் அறைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் வளையும், வாங்குபவரிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்த பிறகு இரண்டாம் தடவை கடையும்போதுதான் சாணையின் அருமை தெரியும். கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால், உளி இன்னும் நன்றாக வெட்டிக்கொண்டிருந்தாலும், போய்த் தீட்டிவிட்டு வாருங்கள். நார் அப்போதும் பிய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீரைத் தொட்டுத் தடவி, நார் மெதுவாகட்டும் என்று விட்டு, காகிதம் போல ஒரே ஒரு வெட்டு. வெளிப்பக்கத்தில் பிடியை நன்றாகத் தாழ்த்தி, பள்ளத்தை ஏறக்குறைய மூடி, கீழ்ச் சிறகை 45 டிகிரிச் சாய்வில் உரசவிட்டால் பஞ்சு பஞ்சாகத் தூசி போல் சீவல் வரும், 180 உப்புத்தாளிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். உட்பக்கத்தில் இந்த வித்தையைக் காட்டாதீர்கள், கடிக்கும்.

சாணையைச் சீவல் குவியலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பொறி தூசிக்குள் விழுந்து ஒரு மணி நேரம் கனன்றுகொண்டிருந்துவிட்டுப் பிறகு புகையும். ஆனால் லேத்திலிருந்து இரண்டு எட்டில் இருக்க வேண்டும், எப்போதும் பிளக்கில் மாட்டியபடி, ஜிக் பொருத்தியபடி. நடுவில் ஒரு மேசையைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் "இன்னும் ஒரு சுற்று ஓடட்டும்" என்று சோம்பல் வந்துவிடும். கடல் பக்கத்து வீடாக இருந்தால் உளியை இரவில் லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், எச்எஸ்எஸ்ஸும் துருப்பிடிக்கும். பள்ளத்துக்குள் துருப்பிடித்துக் குழி விழுந்தால் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு ரம்பப்பல் மாதிரிதான் வரும், அந்தக் குழியைத் தாண்டும்வரை தேய்க்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அக்கா, "அண்ணே, பிள்ளைக்குப் பரீட்சை, மரம் சுத்துறது பரவால்ல, அந்தக் கிரீச்சுனு கத்துறதுதான் தாங்கல" என்பார். லேத்தில் கிரீச்சென்று கத்துவது மழுங்கிய உளி. அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தால் நான் லேத்தை நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போகிறேன்.